ரெண்டு விரக்கடை கம்மி

நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். நாலு டயரும் ஒரே அளவுதான? குனிஞ்சு பாருங்க, சங்கடப்படாதீங்க. பின்னால மாட்டியிருக்கு பாருங்க ஸ்டெப்னி, அதையும் சேத்தா அஞ்சு. அஞ்சும் ஒரே கம்பெனி, ஒரே சைசு, ஒரே நாள்ல வாங்குனது. பட்டன்கூட இன்னும் தேயல. இதுக்கு மேல ஒரு மனுசன் என்னதான் சார் செய்வான்?

வாங்க, இப்படி டீக்கடைப் படுதாவுக்குள்ள வந்து உக்காருங்க, நனையிறீங்க. மூணாறு பஸ்ஸு இப்போதைக்கு வராது. மேல மழைன்னா ஊர்ந்துதான் எறங்கும், ஊர்ந்துதான் ஏறும். நீங்க வாடகைக்குக் கூப்பிட்டு நான் வரலன்னதும் உங்களுக்கு மொகம் சுண்டிப்போச்சு, பாத்தேன். கிராக்கி பண்றேன்னு நெனைச்சிராதீங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு, நானும் சும்மாதான் இருக்கேன். ஆனா நாலரையில இருந்து அஞ்சரைக்குள்ள ஜக்கையன் ஜீப்பு மேல இருந்து எறங்கும். அதுல என் வீட்டுக்காரி வர்றா. அவ எறங்குற நேரம் நான் இங்க நிக்கணும். நாப்பது நாளா நிக்கிறேன். மணி என்ன சார்? நாலே காலா? சரி, நேரம் கெடக்கு.

சிரிக்காதீங்க. எனக்குச் சொந்தமா ஜீப்பு நிக்குது, என் பொண்டாட்டி அடுத்தவன் ஜீப்புல வேலைக்குப் போயிட்டு வர்றா. காலையில வெள்ளென நான் வண்டியத் தொடச்சு ஸ்டார்ட் பண்ணி வச்சிருப்பேன். தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு என் வண்டியத் தாண்டித்தான் அவ நடந்து போயி அவன் வண்டியில ஏறுவா. என் வண்டிப் பொகை அவ சீலையில படும், அவ்வளவு கிட்டத்துல போவா. திரும்பிப் பாக்க மாட்டா. இந்த ஸ்டாண்டுல பதினாறு டிரைவரு இருக்காய்ங்க, ஒருத்தன் பாக்கியில்லாம வேடிக்கை பாக்குறாய்ங்க. மானம் போகுது சார்.

எல்லாம் ஒத்த டயருனால வந்தது. டயருகூட இல்ல, ஸ்டெப்னி.

உங்களுக்கு எங்க பொழப்பு தெரியாதுல்ல, சொல்றேன். இங்கிட்டு இருக்குற பொம்பளைங்க எல்லாம் மேல ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவாக. ஒரு ஜீப்புக்கு ஒரு செட்டு ஆளு. என் செட்டுல பன்னெண்டு பேரு, ராசாத்தியக்காதான் தலை. அவுகவுகளுக்கு அவுகவுக எடம் உண்டு. எழுதி வைக்கல, ஆனா உண்டு. ராசாத்தியக்கா பின்னாடி ஏறுனதும் எடது மூலை. சொர்ணம் கடைசி, படிக்கிட்ட, அது ஒல்லிப்புள்ள, எங்கிட்டு விட்டாலும் ஒடுங்கிக்கிரும். காமுத்தாயி, அதான் என் வீட்டுக்காரி, முன்னாடி, என் பக்கத்துல. ஆறு வருசமா அந்த எடம் அவளுக்குத்தான். டிரைவரு பொண்டாட்டின்னு சும்மா உக்காரல சார். மேல போகப் போக மூட்டம் எறங்கி கண்ணாடி உள்பக்கமா வேர்த்துரும். வெளிய வழியிற தண்ணிக்கு என் வண்டியில வைப்பரும் கிடையாது. அவதான் முந்தானையால தொடச்சுக்கிட்டே வருவா. எடது பக்கம் பள்ளம் எவ்வளவு கெடக்குன்னு எனக்குத் தெரியாது, அவதான் "ஒட்டு, ஒட்டு, போதும்"னு சொல்லுவா. நான் அதக் கேட்டு ஸ்டீரிங்க ஒடிப்பேன். பழகிப்போச்சு.

ஆவணி மாசம் நல்ல மழை. பூதக்குழித் தோட்டத்துக்குள்ள, மண்ணுப் பாதையில, பின் எடது டயரு பாறையில மாட்டிக் கிழிஞ்சிருச்சு. ஒரு சாணு நீளத்துக்குக் கிழிசல், ஒட்டுப்போட வழியில்ல. ஸ்டெப்னியக் கழட்டி மாட்டுனேன். அது வண்டி வாங்கும்போதே கூட வந்தது. மாட்டுனப்பறம்தான் கண்ணுக்குத் தெரியுது, மத்த மூணையும் விட ரெண்டு விரக்கடை கம்மி. வேற ஏதோ வண்டியோட டயரு. வித்தவன் ஏமாத்திப்புட்டான். நான் வாங்கும்போது நல்லாப் பாத்துத்தான் வாங்குனேன், இஞ்சினப் பாத்தேன், சேஸப் பாத்தேன். ஸ்டெப்னிய எவன் சார் அளந்து பாப்பான்?

மாத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டாச்சு. டயருக் கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா, ஒண்ணு மட்டும் புதுசாப் போட்டா மத்த மூணும் தேஞ்சு கெடக்கு, அதுவும் ஒட்டாது, போட்டா நாலையும் போடுன்னான். நல்ல சீசன் ஓடுது. ஒரு நாளு வண்டிய நிப்பாட்டுனா செட்டு அடுத்த வண்டிக்குப் போயிரும். தீவாளி முடியட்டும்னு விட்டேன். ரோட்டுல வண்டி அருமையாத்தான் போச்சு. லேசா எடது பக்கம் சாய்வு. அவ்வளவுதான்.

அந்தச் சாய்வுக்குத்தான் பொம்பளைங்க மொணங்க ஆரம்பிச்சாக. வண்டி வளையும்போதெல்லாம் வலது பக்கம் இருக்குறவுக எடது பக்கம் இருக்குறவுக மடியில வந்து விழுறாகளாம். தூக்குச்சட்டி கொட்டுதாம். ராசாத்தியக்கா, "தவசி, இது சரியில்லப்பா, வயித்தப் பெரட்டுது"ன்னு சொல்லிருச்சு. எனக்கு ரோசமாப் போச்சு. பதினெட்டு வருசம் இந்த மலையில ஓட்டுறேன். ஒரு சாய்வ நிமுத்தத் தெரியாதவனா நானு?

யோசிச்சேன் சார். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். சாய்வு எடது பக்கம், அப்பக் கனத்த வலது பக்கம் தூக்கி வச்சா சமமாயிரும்ல? கணக்கு சரிதான? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. சரிதான்.

மறுநாளு தோட்டத்து ஸ்டோர்ல, காய் நிறுக்கிற பெரிய தராசு கெடக்குல்ல, ஆளு ஏறி நிக்கிற மாதிரி, அதுல ஒவ்வொருத்தரா ஏறுங்கன்னேன். முதல்ல வெக்கப்பட்டாக, அப்புறம் ஒருத்திய ஒருத்தி தள்ளி ஏத்திவிட்டாக. ஸ்டோர்க்காரன் முள்ளப் பாத்துச் சத்தமாச் சொல்லச் சொல்ல நான் தகர டப்பா மூடியில கரிக்கட்டையால எழுதிக்கிட்டேன். சொர்ணம் முப்பத்தொம்பது. ராசாத்தியக்கா அம்பத்தொண்ணு. காமுத்தாயி ஏற மாட்டேன்னா. பின்னாடி நின்னுக்கிட்டே இருந்தா. நான்தான் கையப் புடிச்சு இழுத்து ஏத்துனேன். அவ கொஞ்சம் பூசுனாப்புல இருப்பா, ரெண்டு புள்ள பெத்தவ. ஸ்டோர்க்காரன் முள்ள ரெண்டு தடவ தட்டிப் பாத்துட்டு, "எழுபத்தி நாலு, இது ஒரு மூட்டைக்கு மேல வருதே"ன்னான். எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். சிரிப்பு வந்தா சிரிக்கத்தான சார் செய்யணும்.

அன்னைக்குத் திரும்புறப்ப எடத்த மாத்துனேன். முன்னாடி எடது பக்கம், அதான் காமுத்தாயி எடம், அங்க கனம் ஆகாது. சொர்ணத்தக் கொண்டாந்து அங்க உக்கார வச்சேன். காமுத்தாயிய பின்னாடி வலது ஓரம், கதவுக்கிட்ட. ராசாத்தியக்காவ வலது பக்கம் நடுவுல. அது ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, ஆனா போயி உக்காந்துக்கிச்சு. காமுத்தாயி தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு எறங்கி, சுத்திப் போயி, பின்னாடி ஏறிக்கிட்டா. புரிஞ்சுக்கிட்டான்னு நெனைச்சேன். வண்டி எம்புட்டு நேரா போச்சு தெரியுமா? தண்ணி வச்சாலும் சிந்தாது. ஸ்டாண்டுல எல்லாருக்கும் சொன்னேன், எப்படி என் கணக்குன்னு.

ஒரு சத்தம் கேட்டுச்சே, ஜீப்பா? இல்ல, பால் வண்டி. நீங்க டீயக் குடிங்க, ஆறுது.

சொர்ணம் முன்னாடி உக்காந்த எடத்துல தூங்கிப்போகும். நாலு மணிக்கு எந்திரிச்ச புள்ள, பாவம். கண்ணாடிய நானே ஒரு கையால தொடைக்கிறது, ஒரு கையால ஓட்டுறது. எடது பக்கம் பள்ளம் எங்கன்னு எட்டி எட்டிப் பாக்குறது. அப்பவும் சமாளிச்சேன். பின்னாடி இருந்து சத்தமே வராது. முன்னாடி இருந்தப்ப வீட்டுச் சங்கதி, புள்ளைக சங்கதின்னு மலை முழுக்கப் பேசிக்கிட்டே வருவா. நிம்மதியாப் போச்சுன்னுகூட நெனைச்சேன், அத ஏன் மறைக்கணும்.

அன்வர் பாய்தான் மெக்கானிக். ஒரு நாளு இதே கடையில வச்சுச் சொன்னாரு. "தவசி, ரோட்டுல போறப்ப பின் வீலு மட்டும்தான் இழுக்குது, பரவாயில்ல. மேட்டுல முன் கியரப் போட்டு நாலு வீலும் இழுக்குறப்பதான் வம்பு. நாலு பேரு சப்பரம் தூக்குறான், ஒருத்தன் மட்டும் குட்டைன்னு வையி, மத்தவன் பத்து அடி வச்சா அவன் பதினொண்ணு வைக்கணும். சேறுன்னா வழுக்கி வழுக்கிச் சமாளிச்சுக்கிரும். கெட்டித் தரையில வழுக்கவும் முடியாது, நிக்கவும் முடியாது. உள்ள கியர் பெட்டி முறுக்கி ஒடஞ்சிரும்." அவரு நல்லாத்தான் சொன்னாரு. ஆனா அத்தனை பேரு முன்னாடி சொன்னாரு. "பாய், நான் ரெண்டு மாசமா ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், என்ன ஆச்சு?"ன்னேன். அவரு டீ டம்ளரக் கீழ வச்சுட்டுப் போயிட்டாரு.

ஐப்பசியில, தீவாளிக்கு எட்டு நாளு இருக்கும்போது, தோட்டத்துக்காரவுக மண்ணுப் பாதையில இருக்குற பெரிய ஏத்தத்துல புதுசாக் காங்கிரீட் போட்டாக. எவன் கேட்டான் அவுகள? சேறா இருந்த வரைக்கும் என் வண்டிக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்குக் கீழ சேத்துலயே முன் கியரப் போட்டுட்டேன். அப்படியே காங்கிரீட்ல ஏத்துனேன். பாதி ஏத்தத்துல வண்டி உறுமுது, நகர மாட்டேங்குது. கியர எடுக்கலாம்னு ராடை இழுத்தா வரல, இறுகிப்போச்சு. இழுக்குறேன், இழுக்குறேன். அடியில டொம்முன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், பெட்டி போச்சு. வண்டி பின்னாடி எறங்குது. ஹேண்ட் பிரேக்கு நிக்கல, கால் பிரேக்க மிதிச்சும் ஈரத்துல வழுக்குது. பின்னாடி பொம்பளைங்க கத்துறாக. கீழ வளைவு, வளைவுக்கு அங்கிட்டு ஒண்ணும் கிடையாது. என் ஆயுசுல அப்படிப் பயந்தது இல்ல சார், பொய் சொல்லல.

பத்தடி, பன்னெண்டடி எறங்கியிருக்கும். அப்புறம் ஒரு ஆட்டம் ஆடி நின்னுருச்சு. எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. பிரேக்கு புடிச்சிருச்சுன்னு நெனைச்சேன். எறங்குனேன், நேரா வண்டிக்கு அடியில போயிட்டேன். டிரைவர்னா மொதல்ல அதத்தான பாக்கணும்? பெட்டி ரெண்டாப் பொளந்து எண்ணெய் என் மொகத்துல ஒழுகுது. சீசன் போச்சு, வண்டி போச்சுன்னு அங்கயே படுத்துக் கெடந்தேன். அடியில இருந்து பாத்தா அவுக காலு மட்டும்தான் தெரிஞ்சது. ஒவ்வொண்ணா நடந்து போச்சு. ஒரு ரெண்டு காலு மட்டும் கொஞ்ச நேரம் வண்டிக்கிட்ட நின்னுச்சு. நல்லா நேரம் நின்னுச்சு. அப்புறம் அதுவும் போயிருச்சு. காமுத்தாயி கொலுசுன்னு அப்பவே தெரியும். ஏதாச்சும் கேப்பா, நான் சொல்லலாம்னு கெடந்தேன். அவ கேக்கல.

பன்னெண்டு நாளு அன்வர் பாய் பட்டறையில வண்டி. செட்டு அதுவரைக்கும் கெடைச்ச வண்டியில தொத்திக்கிட்டுப் போச்சு. நானும் அங்கயேதான் கெடந்தேன். பிரிச்சுப்போட்ட வண்டிய விட்டுட்டு எப்படி வீட்டுக்குப் போறது, ஒரு நட்டு காணாமப் போனாலும் தேடணும்ல. தீவாளியும் பட்டறையிலதான். புள்ளைக வந்து பலகாரம் குடுத்துட்டுப் போச்சுக.

மணி என்ன சார்? அஞ்சாகப் போகுதா. இன்னும் காணமே. நேத்து இந்நேரம் எறங்கிட்டான். மழையில ஜக்கையன் மெதுவாத்தான் ஓட்டுவான், அவன் நல்ல டிரைவர்தான், அவனச் சொல்லிக் குத்தமில்ல.

ஆங், எங்க விட்டேன். வண்டி எப்படி நின்னுச்சுன்னு ராசாத்தியக்காதான் ஒரு வாரம் கழிச்சுப் பட்டறைக்கு வந்து சொல்லுச்சு. காமுத்தாயி கதவோரம் இருந்தால்ல, வண்டி பின்னாடி எறங்கவும் குதிச்சிருக்கா. ஓரத்துல கெடந்த கல்லைத் தூக்கி அந்தக் குட்டை டயருக்கு அடியில வச்சிருக்கா. மொதக் கல்லு நொறுங்கிப் போச்சாம். ரெண்டாவது கல்லை வச்சப்பத்தான் நின்னுருக்கு. கல்லுக்கும் டயருக்கும் நடுவுல அவ விரலு மாட்டிக்கிருச்சு. நகம் போயி, நுனி நசுங்கி. கத்தவே இல்லையாம் சார். தலையில கட்டியிருந்த துண்டக் கிழிச்சுச் சுத்திக்கிட்டு, ஆறு மைலு நடந்திருக்கா. காய் எடுக்குறவளுக்கு விரலு நுனிதான சார் எல்லாம். முன்ன மாதிரி வேகமா எடுக்க வரலன்னு செட்டுல பேசிக்கிறாக.

எனக்கு என்ன தெரியும்? நான் அடியிலல்ல கெடந்தேன். தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா? எனக்கு அவமேல உசுரு சார். அதச் சொல்லிக் காட்டிக்கிட்டா இருப்பாக.

வீட்டுக்குப் போனேன். சோறு எடுத்து வச்சா. பேசல. துணி சுத்தியிருந்தா, பாத்தேன். என்ன ஏதுன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா, ஆமா, என் டயருனாலதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல? அதனால பேச்ச மாத்தி, குழம்புல உப்பு கம்மின்னேன். மறுநாளு காலையில நேரா போயி ஜக்கையன் வண்டியில ஏறிட்டா. செட்டு மொத்தமும் பின்னாலயே ஏறிருச்சு. அவுக போனதுகூட வலிக்கல. அவ போனதுதான்.

சரி, டயருதான பிரச்சினைன்னு, எப்படி வாங்குனேன்னு கேக்காதீங்க, அஞ்சும் புதுசா வாங்கிட்டேன். வாசல்ல வண்டிய நிப்பாட்டி, வந்து பாருன்னேன். வந்தா. சுத்திப் பாத்தா. நூலு வச்சு அளந்துகூடக் காட்டுனேன், ஒரு நூலு வித்தியாசம் இல்ல. தலைய ஆட்டிட்டுக் கொடத்த எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போயிட்டா. மறுநாளும் ஜக்கையன் வண்டிதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. இன்னும் என்னதான் வேணுங்குறா இவ?

நேத்து ராசாத்தியக்காகிட்டயே கேட்டுட்டேன். டயரு மாத்தியாச்சு, பெட்டி மாத்தியாச்சு, வைப்பருகூடப் போட்டாச்சுன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "டயரப் பத்தி இங்க யாருப்பா பேசுனா? கை எப்படி இருக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா அவள?" அவ்வளவுதான் சொல்லுச்சு. ராத்திரி தூக்கமே இல்ல. பக்கத்துலதான் படுத்திருந்தா. கேட்டிருக்கலாம். வாய் வரல. நாப்பது நாளு கேக்காதத திடீர்னு எப்படிக் கேக்குறது?

அதான் இன்னைக்கிக் கேட்டுர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். எறங்குனதும், எல்லாரும் இருக்கும்போதே. பதினாறு டிரைவரும் பாக்கட்டும். கை எப்படி இருக்கு காமுன்னு கேக்கணும். கேட்டா வந்துருவால்ல சார்? நாளைக்குக் காலையில என் வண்டியில ஏறுவால்ல? காலையில இருந்து சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன், ஏதோ பரீச்சைக்குப் போற மாதிரி இருக்கு.

இந்தா, லைட்டு தெரியுது. மஞ்சள் லைட்டு, அவன்தான். இருங்க சார். எங்கயும் போயிறாதீங்க. பஸ்ஸு வந்தா நிப்பாட்டச் சொல்றேன். ரெண்டு நிமிசம்.

கேட்டுட்டேன் சார்.

எல்லாரும் எறங்குனாக, கடைசியில அவ எறங்குனா. மழைக்குப் பிளாஸ்டிக் தாளக் கொங்காணியாப் போத்தியிருக்கா, கழுத்துல இருந்து முழங்காலு வரைக்கும். நேரா போயி முன்னாடி நின்னேன். கை எப்படி இருக்கு காமுன்னு கேட்டேன். நல்லாச் சத்தமாவே கேட்டேன், ஜக்கையன் இஞ்சின ஆஃப் பண்ணிட்டான். அவ என்னை நிமுந்து பாத்தா. நாப்பது நாளைக்கு அப்புறம் மொத மொதப் பாக்குறா சார். கோவமா இல்ல. மெதுவாத்தான் கேட்டா.

"எந்தக் கை?"

எந்தக் கைன்னு கேக்குறா சார். ரெண்டு கையும் கொங்காணிக்குள்ள வச்சிருக்கா. ஒரே வீட்டுல இருக்கோம், அவ போட்ட சோத்தத்தான் திங்கிறேன். துணி சுத்தியிருந்தது ஞாபகம் இருக்கு, வெள்ளைத் துணி, அது நல்லா ஞாபகம் இருக்கு. எந்தக் கைன்னு வரல. இந்தா வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். போகாம அங்கயே நிக்கிறா பாருங்க மழையில. நான் சொல்றதுக்காகத்தான் நிக்கிறா.

நீங்க இங்க இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க சார். அவ எறங்குறப்ப கம்பியப் புடிச்சு எறங்குனால்ல, எந்தக் கையால புடிச்சா?